தீவைக் காப்பவர் கையிலேயே தீவின் வருமானமும் இருக்கட்டும்
மன்னார் வளைகுடாப் பவளப்பார்களும் சுற்றுலாவும்: எங்கள் நிலைப்பாடு

புது தில்லி

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தக் கடலை நம்பி வாழும் ஊர்களுக்கு முதல் உரிமை தராத எந்தத் திட்டத்தையும் ஆதரிக்க மாட்டோம். அக்கடலுக்கான மத்திய விதிகள் ஜோர் பாகில் உள்ள இந்திரா பர்யாவரண் பவனில்தான் எழுதப்படுகின்றன. அதனால் தில்லியிலிருந்தே பேசுகிறோம்.

பின்னணி

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. முன்பு இங்கே பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு ஏற்றினார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில். 2001இல் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு கிடைத்தது. 2004 சுனாமி, பார்தான் கரைக்கு அரண் என்பதைக் காட்டியது. வெட்டுவது நின்றது, ஆனால் கடல் சூடேறி, 2010இலும் 2016இலும் பவளங்கள் வெளுத்து மடிந்தன.

தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் மீட்புப் பணி செய்துவருகிறது. உயிருள்ள பவளத்தில் சிறு துண்டை எடுத்து, சிமெண்ட் பலகையில் கட்டிக் கடலடியில் வைக்கிறார்கள். அது கிளைவிட்டு மீன் அடையும் பாராக ஆண்டுகள் பல வேண்டும். தவறாக விழும் ஒரு நங்கூரம் போதும், அத்தனையும் நொறுங்க.

பாம்பன் அருகே சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிக் கடற்பாசி எடுப்பவர்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது, இரும்பால் சுரண்டாதது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015இல் பன்னாட்டு சீகாலஜி பரிசு கிடைத்தது. பாசி எடுக்க வருபவரைத் தீவருகே விரட்டிவிட்டு, டிக்கெட் வாங்கியவரை அங்கேயே வரவேற்பது அநீதி.

நாங்கள் வலியுறுத்துவது

1. படகு ஓட்டுதல், வழிகாட்டுதல், உணவு ஆகியவை ஊர்க்காரர்களுக்கே. ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுச் சுற்றுலா இதற்கு முன்மாதிரி.

2. பார் மீது நங்கூரம் கூடாது. நிலையான மிதவைகளில்தான் படகைக் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்பதைப் பாரின் நிலை பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

3. கடல் சூடேறிப் பவளம் வெளுக்கும் மாதங்களில் பார்களுக்கு அருகே சுற்றுலாவை நிறுத்த வேண்டும். அந்த நாட்களுக்குப் படகுக்காரருக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும்.

4. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு மீட்புப் பணிக்கும், ஒரு பங்கு ஊருக்கும் போக வேண்டும். கணக்கைக் கிராமசபையில் தமிழில் வாசிக்க வேண்டும்.

5. பாசி எடுக்கும் பெண்களின் உரிமையைச் சட்டப்படி பதிவு செய்து, அவர்களை நிர்வாகக் குழுவில் அமர்த்த வேண்டும்.

தாய்லாந்தின் மாயா விரிகுடா பயணிகள் கூட்டத்தில் சீரழிந்து, 2018இல் மூடப்பட்டது. 2022இல் திறந்தபோது படகுகளை உள்ளே விடவில்லை. சிதைந்தபின் மூடுவதைவிடத் திறக்கும்போதே அளவு வைப்பது எளிது.

தில்லியிலிருந்து ராமேசுவரம் போகும் பயணிகளையும் கேட்டுக்கொள்கிறோம்: பவளத்தை மிதிக்காதீர்கள், கடைகளில் வாங்காதீர்கள், ஊர்ப் படகிலேயே ஏறுங்கள். பார் இருந்தால்தான் மீன். மீன் இருந்தால்தான் ஊர்.