ஊரைக் கேட்டார்களா?

பாபநாசத்துத் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். அதற்கு நெல் தந்த குடமுருட்டிக் கரை வயல்களின் நடுவேதான் இராஜகிரி, பண்டாரவாடை, வழுத்தூர் என நம் மக்கள் செறிந்து வாழும் ஊர்கள் இருக்கின்றன. ஆயினும் இவ்வயல்களின் அடியிலுள்ள எரிபொருளை எடுக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மவருள் பலர் ஒதுங்கியே நிற்கின்றனர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. பிழைப்போ கடல் கடந்து. பிறகு நமக்கென்ன என்ற எண்ணம்!

விடுமுறையில் குவைத்திலிருந்து வந்த அன்பர் ஒருவர் நம்மிடமே கேட்டுவிட்டார்: “ஹஜ்ரத், எண்ணெயால்தானே அந்த நாடு செழித்தது? நம் ஊருக்கு அது வந்தால் மட்டும் ஏன் தடுக்க வேண்டும்?”

நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே எண்ணெய்க்கு மேலிருப்பது மணல். குடிநீரையே கடலிலிருந்து காய்ச்சி எடுக்கின்றனர். இங்கோ மேலிருப்பது சோறு. நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க வேண்டுமாயின் முதலில் அப்படுகையின் நீரை இறைத்துத் தள்ளியாக வேண்டும். அழுத்தம் குறைந்தால்தான் வாயு பிரியும். கடலோர டெல்டாவில் அடிநீரை அவ்விதம் வற்றச் செய்தால், அவ்விடத்தை உப்புநீர் பிடிக்காது என்று யார் பிணை நிற்பார்?

எனினும் நம் வழக்கு எண்ணெயோடு அன்று. கேளாமல் முடிவு செய்வோரோடுதான். மன்னார்குடி மீத்தேன் திட்டத்திற்கு 2010இல் மத்திய அரசு ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. 2011 ஜனவரியில் மாநில அரசும் கையொப்பமிட்டது. மக்கள் கிளர்ந்தெழுந்தபின் 2013இல் அதே மாநில அரசு தடுத்து நிறுத்தி, 2015இல் வேண்டாமென்றது. கையொப்பமும் சென்னையில், மறுப்பும் சென்னையில்! 2017இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் போராட்டக் களமாயின. அவ்வாண்டில் தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் ஒன்றுகூட இல்லை என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 2016 அக்டோபரில் காலியான நாற்காலிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. ஊர் பேச வேண்டிய வேளையில் ஊருக்கு வாயில்லை.

2020 இன்னும் விசித்திரமான ஆண்டு. ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறு தோண்ட மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியைத் திருத்தியது. பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. நல்ல சட்டந்தான்; நன்றி மறக்கலாகாது. ஆனால் முன்பே நடந்துவந்த பணிகளை அது தொடுவதில்லை. அதன் ஆணையத்திற்குத் தலைவர் முதலமைச்சர். தடுக்கும் அதிகாரம் எதுவும் கிராம சபைக்கு இல்லை. 2023இல் ஒரத்தநாட்டை ஒட்டிய வடசேரி நிலக்கரி ஏலப் பட்டியலில் ஏறியது. முதல்வர் எதிர்த்ததும் ஏப்ரலில் நீக்கப்பட்டது. மண்டலத்திற்கு வெளியேயுள்ள இராமநாதபுரத்தில் 2025 மார்ச்சில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநில அளவிலான ஆணையமே அனுமதி தந்துவிட, ஆகஸ்டில் மாநில அரசு அதைத் திரும்பப் பெறச் சொன்னது. அன்றைய முதல்வரின் மனம் நம் பக்கம் இருந்தது; நாளை வருபவரின் மனத்திற்கு யார் உத்தரவாதம்?

அரசியல் சட்டப்படி எண்ணெய் வளம் மத்தியப் பட்டியலில். நிலமும் வேளாண்மையும் மாநிலப் பட்டியலில். ஊராட்சிக்குரிய பதினோராம் அட்டவணையில் குடிநீர் உண்டு. எரிபொருள் என்றால் விறகும் மரபுசாரா எரிசக்தியும் உண்டு. ஆக, குடிநீரைக் காக்கும் கடமை ஊராட்சிக்கு. அந்நீரின் அடியைத் துளைக்கும் உரிமை தில்லிக்கு!

நாட்டிற்கு எரிபொருள் வேண்டாமா என்பர். வேண்டும், கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. பாமரருக்கு நிலத்தடி இயல் தெரியுமா என்றும் கேட்பர். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டும் வழக்கில், 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே கேட்கச் சொல்லிற்று. பன்னிரண்டு சபைகளும் மறுத்தன, திட்டம் நின்றது. வன உரிமைச் சட்டம் மலைவாழ் மக்களுக்கு அளித்த அக்குரலை டெல்டா உழவனுக்கு அளிக்க 2020ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும். நம் ஃபிக்ஹு நூல்களில் கிணற்றுக்கு ‘ஹரீம்’ என்றொரு எல்லை உண்டு. அதற்குள் பிறன் தோண்டி முதற்கிணற்றின் நீரைக் குறைக்கலாகாது. தோண்டுபவன் நீருக்குரியவனுக்குக் கட்டுப்பட்டவன் என்பது மதரஸா மாணவனும் அறிந்த பாடம்.

கிராம சபையில் கைதூக்கும் உரிமை வாக்காளர் யாவர்க்கும் உண்டு. ஆண்கள் அயல்நாட்டிலிருக்கும் நம் ஊர்களில் அவ்வுரிமை வீட்டிலிருக்கும் தாய்மாரின் கையில் இருக்கிறது. அவர்களை அங்கே கண்டவர் யார்? குடியரசு நாள், மார்ச் 22, மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 என ஆண்டிற்கு ஆறு கூட்டங்கள். இத்தேதிகளைப் பள்ளிவாசல் பலகையில் எழுதுமாறும், பெண்கள் அமர இடம் ஒதுக்க ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே சொல்லுமாறும் சுற்றுப்புற முத்தவல்லிகளைக் கேட்டிருக்கிறோம். இரண்டு ஊர்களில் எழுதியாயிற்று. மூன்றாவது ஊரில் ஜமாஅத் கூடி முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.