நொண்டும் குதிரைக்கு யார் பொறுப்பு?

கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விழாவுக்கும் குதிரை விடுகிறவர்களில் பலருக்குச் சொந்த லாயம் கிடையாது. ஊருக்கு வெளியே யாருடைய தென்னந்தோப்பிலோ, ஓடாமல் கிடக்கும் ஜின்னிங் ஆலைக் கொட்டகையிலோ நாலைந்து பேர் சேர்ந்து கட்டிவைக்கிறார்கள். தீவனம் அவரவர் பாடு. முகூர்த்த மாதங்களில் எல்லோரும் தினமும் வந்துபோவார்கள். ஆடியோ மார்கழியோ பிறந்ததும் அவர்களில் ஒருவர் மட்டும் வருவதை மெல்லக் குறைத்துக்கொள்வார். பெரும்பாலும் அவருடைய குதிரை நொண்ட ஆரம்பித்திருக்கும்.

மற்றவர்களிடம் கேட்டால் கிடைக்கும் பதில் எனக்குப் பழகிப்போன ஒன்று. “அது நம்ம குதிரை இல்ல சார். அண்ணாச்சி வந்தா பாத்துக்குவாரு.” அண்ணாச்சி வருவதற்குள் கால் போய்விடும். பக்கத்து முளையில் நிற்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதும், அதன் காலைத் தூக்கிப் பார்ப்பதும், மருத்துவரை அழைப்பதும் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது ஆகாது. ஒரே இடத்தில் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.

குதிரை தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில் தாங்குகிறது. நொண்டலும் அங்கேதான் அதிகம். அதிலும் குளம்பில்தான் அதிகம். நடக்கவிட்டுத் தலையைக் கவனியுங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும். குளம்புகளைத் தொட்டுப் பார்த்தால் ஒன்று மட்டும் சுடும். அந்தக் காலில் குளம்புக்குச் சற்று மேலே, பின்பக்கமாக விரல் வைத்தால் நாடி தெறிக்கும். அடியில் அப்பியிருக்கும் சாணத்தையும் மண்ணையும் சுரண்டி எடுத்தால், ஈரத்திலேயே நிறுத்தப்பட்ட குதிரைக்கு நடுக்குளம்பின் பிளவில் கறுப்பாக, அழுகல் வாடையோடு கசியும். குளம்பு மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவாமல் விட்டால் முனை நீண்டு குதி சரியும். மூட்டுகள் தப்பான கோணத்தில் எடை தாங்கும். உள்ளே சீழ் கட்டியிருந்தால் வடித்துச் சுத்தம் செய்து, டெட்டனஸ் ஊசி போட்டு, கட்டுப்போட வேண்டும். பெரும்பாலான குதிரைகள் சில நாளில் கால் ஊன்றிவிடும். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் வரும், வந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம் என்பதால் அந்த ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது.

விழா முடிந்து மிஞ்சும் சோற்றையும் பொங்கலையும் அன்பாகக் கொட்டுவதும் காலைக் கெடுக்கிறது. அத்தனை மாவுச்சத்து குடலில் புளித்தால், ஓரிரு நாளில் குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கிவிடும். குதிரை முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அந்த நிலையில் ‘நடந்தால் சரியாகிவிடும்’ என்று நடத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். நடத்த நடத்த உள்ளெலும்பு கீழே இறங்கும். பிறகு அது சவாரிக்கும் உதவாது, நிம்மதியாக நிற்கவும் முடியாது.

உரிமையாளரிடம் பேசியும் பயனில்லை என்றால் சட்டம் என்ன செய்யும்? 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஊனமான விலங்கை வேலைக்கு விடுவது, தீனியும் தண்ணீரும் தராமல் இருப்பது, பசியால் துன்பப்படும்படி கைவிடுவது எல்லாம் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல்முறைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஒரு வேளைக் கொள்ளு வாங்கக்கூட அது காணாது. அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. பட்டினி போடுவதும் கைவிடுவதும் போலீஸ் தானாக வழக்குப் பதியக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். 2022 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட திருத்த வரைவு தண்டனையைக் கூட்டியது. அதைச் சட்டமாக்கியே தீர வேண்டும்.

குதிரையைக் கைப்பற்றிவிட்டால் எங்கே கொண்டுபோவது என்பது அடுத்த கேள்வி. வழக்கு முடியும்வரை விலங்கைக் காப்பகத்தில் வைத்து, செலவை உரிமையாளரிடம் வாங்க 2017ஆம் ஆண்டின் விதிகள் வழி செய்கின்றன. ஆனால் அந்தக் காப்பகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே! ஊட்டியில் சவாரிக்கு உதவாமல் போன குதிரைகள் சாலையில் திரிந்து குப்பையைத் தின்பதை அங்கே போய்வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அவற்றில் சிலவற்றுக்கு மசினகுடிப் பக்கம் மாவனல்லாவில் ஐபேன் அமைப்பு நடத்தும் காப்பகம் புகலிடமானது. எங்கள் சுந்தரபாண்டியத்தில் கைப்பற்றப்படும் குதிரையை நீலகிரிக்கு லாரி ஏற்றி அனுப்ப முடியாது. நொண்டும் குதிரைக்கு அந்தப் பயணமே வதை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் யானை ஜெயமால்யதா 2021 பிப்ரவரியில் தேக்கம்பட்டி யானைகள் முகாமில் அடிபட்ட காட்சி வெளிவந்ததும் பாகன்மேல் நடவடிக்கை வந்தது. மறு ஆண்டு யானையின் நிலையைப் பார்க்க அதன் சொந்த மாநிலமான அசாமிலிருந்து குழுவே வந்தது. வந்தது சரிதான். தோப்பில் நிற்கும் குதிரையைப் படம்பிடிக்க யாரும் வருவதில்லை. பக்கத்தில் குதிரை கட்டியிருப்பவர்தான் அதற்குச் சாட்சி.

குதிரைக்காரரையும் நான் வில்லனாகப் பார்க்கவில்லை. சவாரி இல்லாத மாதத்தில் அவர் வீட்டு அடுப்பே திண்டாட்டம். முதல் உலகப்போர் முடிந்ததும் விற்கப்பட்ட ராணுவக் குதிரைகள் கெய்ரோவில் உருக்குலைந்து உழைப்பதைக் கண்ட பிரிட்டிஷ் பெண்மணி டோரதி புரூக், உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்தே அவற்றை மீட்டார். 1934இல் அங்கே அவர் தொடங்கிய மருத்துவமனை ஏழைகளின் குதிரைக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தது. வண்டிக்காரரைத் திட்டி அனுப்பியிருந்தால் குதிரைகள் புரூக்கின் கைக்கு வந்திருக்காது.

நம்மிடம் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி இருக்கிறது. குதிரை நொண்டினால் கூச்சப்படாமல் கூப்பிடலாம். ‘என் குதிரை இல்லை’ என்று சொல்லியே கூப்பிடலாம். அந்த ஊர்தியில் குளம்புக் கத்தியும் அரமும் இருக்க வேண்டும், அவற்றைப் பிடிக்கப் பழகிய கையும் இருக்க வேண்டும். 2012 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஆறேகால் லட்சமாக இருந்த குதிரைகள் 2019இல் 3.4 லட்சமாகச் சுருங்கிவிட்டன. குதிரை குறைந்தால் லாடக்காரருக்குப் பிழைப்பும் குறையும். மாட்டுக்கு லாடம் அடிப்பவரையே குதிரைக்கும் அழைக்க வேண்டியிருக்கிறது. மாட்டின் பிளவுக் குளம்பு வேறு, குதிரையின் ஒற்றைக் குளம்பு வேறு. ஆணி ஒன்று தவறி உயிர்ச்சதையில் இறங்கினாலே நொண்டல்தான்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடுகிறது. குதிரை வைத்திருப்பவர்கள் பல மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். கால்நடைத் துறையும் கால்நடைப் பல்கலைக்கழகமும் வரும் ஆடியிலேயே அங்கே குளம்புச் சிகிச்சை முகாமும் லாடக்காரர்களுக்கான பயிற்சியும் தொடங்கலாம். கைவிடப்பட்ட குதிரைகளுக்கு மாவட்டத்துக்கு ஒரு கொட்டகையை ஒதுக்க, ஆட்சியர் தலைமையில் இயங்கும் மிருகவதைத் தடுப்புச் சங்கங்கள் இந்த ஆண்டே தீர்மானம் போட வேண்டும்.

- கட்டுரையாளர், கால்நடை மருத்துவர், சுந்தரபாண்டியம்.