நூறாண்டு வெள்ளம் அடுத்த ஆண்டும் வரலாம்

மாணவர்களே, 2021 டிசம்பர் 18-ஆம் தேதி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்று கிள்ளான், ஷா ஆலம் வட்டாரங்களில் பல இடங்கள் மூழ்கின. தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தனர். நாடு முழுவதும் அந்தப் பருவ வெள்ளத்தில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோலாலம்பூரில் ஒரு மாத மழை ஒரே நாளில் பெய்துவிட்டது, இது நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது என்று அமைச்சின் உயர் அதிகாரி விளக்கினார்.

'அப்படியானால் இனி 2121-இல்தான்' என்று மனம் உடனே கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு தவறு. அவ்வளவு பெரிய மழை எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கான வாய்ப்பு 100-இல் 1 என்பதே அதன் பொருள். சென்ற ஆண்டு வந்திருந்தாலும் இந்த ஆண்டும் அதே வாய்ப்புதான்.

சோதித்துப் பாருங்கள். ஒரு டப்பாவில் 99 வெள்ளைத் தாள் துண்டுகளையும் ஒரு சிவப்புத் துண்டையும் போடுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுத்து, திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். ஒருமுறை எடுப்பது ஓர் ஆண்டு. சிவப்பு வந்த அடுத்த முறையே மீண்டும் சிவப்பு வரலாம். டப்பாவுக்கு ஞாபகம் கிடையாது. 'இந்த நம்பர் ரொம்ப நாளாக வரவில்லை, இனி வந்தே தீரும்' என்று நான்கு இலக்க எண் வாங்குபவர் செய்வதும் இதே தவறுதான்.

இப்போது கால்குலேட்டரில் 0.99-ஐ 30 முறை பெருக்கி, விடையை 1-இலிருந்து கழியுங்கள். ஏறக்குறைய 0.26 வரும். அதாவது, 30 ஆண்டு வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் அத்தகைய மழை ஒருமுறையாவது வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம்!

நம் மனம் ஏன் இதைத் தவறவிடுகிறது? எளிதில் நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பதாகவும், மறந்துபோனதை நடக்காததாகவும் நாம் எடைபோடுகிறோம். 1970-களில் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து காட்டினர். வெள்ளம் வடிந்த மாதம் ஒவ்வொரு தூறலுக்கும் பயப்படுகிறோம். சில ஆண்டுகள் கழித்து, அடைத்த கால்வாயைக்கூடக் கவனிப்பதில்லை. தாமான் ஸ்ரீ மூடா 1995 டிசம்பரிலும் மூழ்கிய இடம் என்பது எத்தனை பேருக்கு நினைவிருந்தது?

அந்த 100-இல் 1 என்பதும் பழைய மழைப் பதிவுகளிலிருந்து கணித்ததுதான். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். எனவே கனமழைக்கான வாய்ப்பும் மாறுகிறது.

ஆகவே, 'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லையே கைவிட வேண்டும் என்பது என் கருத்து. 'ஆண்டுதோறும் நூற்றில் ஒரு வாய்ப்பு' என்று அறிவிக்கட்டும். நீங்களும் இன்றே பெற்றோருடன் பேசி, பிறப்புப் பத்திரம், கடப்பிதழ், சான்றிதழ்களை உயரமான இடத்துக்கு மாற்றுங்கள். அருகிலுள்ள வெள்ள நிவாரண மையம் எது என்றும் கேட்டு வையுங்கள்.