கல்லக்குடி, கல்லங்குறிச்சி, கள்ளக்குறிச்சி... எதுலய்யா எண்ணெய்?

'எங்க ஊர்லயும் எண்ணெய் இருக்கு' கோஷ்டிக்கு முதல்ல ஒரு பெரிய கும்பிடு. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லுல கடல் சிப்பி கிடக்குதாம். கடல் இருந்த இடத்துல எண்ணெய் இருக்குமாம். அதனால கள்ளக்குறிச்சியிலயும் தோண்டணுமாம்!

ஐயா சாமிகளா, கல்லங்குறிச்சி இருக்கறது அரியலூர் பக்கத்துல. எங்க கள்ளக்குறிச்சி கல்வராயன் மலைக்குக் கிழக்கே. பேரு ஒண்ணா ஒலிச்சா பாறையும் ஒண்ணாயிடுமா?

கல்வராயன் மலை சார்னோக்கைட் பாறை. சுமார் 250 கோடி வருஷத்துக்கு முந்தி பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல வெந்து இறுகினது. எண்ணெய்க்கு மூணு வேணும்: உயிர்ச்சத்து புதைஞ்ச சேறு, சேர்த்து வைக்க துளையுள்ள கல், மேல மூடி மாதிரி ஒரு களிப்பாறை. மூணுல ஒண்ணுகூட இந்த மலையில கிடையாது. அப்புறம் வதந்தியால யாருக்கு லாபம்? நில புரோக்கருக்குத்தான்.

துளையுள்ள கல்லுன்னா பழைய பவளத்திட்டு அருமையானது. உயிர்கள் விட்ட சந்து பொந்து, பின்னாடி தண்ணி கரைச்ச ஓட்டை. 1947-ல் கனடாவின் லெடூக்கில் எண்ணெய் வந்தது அப்படி ஒரு திட்டுலேர்ந்துதான். சவூதியின் கவார், 1974-ல் கண்டுபிடிச்ச பாம்பே ஹை ரெண்டுமே சுண்ணாம்புக்கல்தான்.

நம்மகிட்டயும் ஒரு திட்டு இருக்கு, கல்லக்குடியில. 10 கோடி வருஷத்துக்கு முந்தி, பழைய கருங்கல் கரையோரம் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டினது. மூடியில்லாம மேல வந்துட்டதால அதுல எண்ணெய் தேட முடியாது. ஆனா டெல்டாவுக்கு அடியில ஆழத்துல புதைஞ்ச அதே காலத்துப் படிவங்களைப் புரிஞ்சுக்க, கையால தொட்டுப் படிக்கற பாடப்புத்தகம் இது.

நாம என்ன செஞ்சோம்? 1953 ஜூலை 15-ல் டால்மியாபுரம்ங்கற பேரை மாத்தச் சொல்லி கலைஞர் தண்டவாளத்துல படுத்தார். பேர் கிடைச்சுது. கல்லு? 1939-லேர்ந்து சிமெண்ட் ஆலைக்குப் போய்க்கிட்டிருக்கு. சுரங்கமே வேணாம்னு நான் சொல்லல. குழி தோண்டலைன்னா உள்ளே இருந்த திட்டு இவ்வளவு தெளிவா வெளிய தெரிஞ்சிருக்காது. ஒரே ஒரு சுவரையாவது அரைக்காம விட்டு வைங்கன்னுதான் கேக்கறேன். சாத்தனூர் கல்மரத்தை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக்க முடிஞ்சுதுல்ல? அந்த மரியாதை இந்தப் பவளத்துக்கும் வேணும்.

எண்ணெய்ச் சண்டை நிஜமா நடந்த இடம் வேற. அரியலூர்ல 10, கடலூர்ல 5 கிணறுன்னு ஓஎன்ஜிசி கேட்ட அனுமதியை 2021-ல் தமிழக ஆணையம் மறுத்துது. பேசறதுன்னா அதைப் பேசுவோம். இல்லாத எண்ணெய்க்கு மலையடிவாரத்துல கோட்டை கட்டாதீங்க. இருக்கற கல்லைக் காப்பாத்தற வழியைப் பாருங்க.

டிஸ்கி: 'அப்போ நீ சிமெண்ட் வீட்டுல இல்லையா?'ன்னு பின்னூட்டம் போட வர்றவங்களுக்கு: இருக்கேன். நான் கேக்கறது ஒரு சுவர்தான், மொத்தக் குழியும் இல்ல.