பாரிஸ் செல்லும் கைத்தொலைபேசியும் பிரெக்ஸிட்டும்

மேற்கு லண்டனின் சவுத்தாலில் வாழும் தமிழர்களில் பலருக்கு பாரிஸில் உறவினர்கள் உண்டு. அங்கு செல்லும்போது கைத்தொலைபேசிக்கு ஆகும் செலவை இப்போது பிரெக்ஸிட் அரசியலும் நிர்ணயிக்கின்றது.

உறுப்பு நாடுகளுக்கு இடையிலான ரோமிங் மேலதிகக் கட்டணத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15ஆம் தேதி ரத்துச் செய்தது. பிரெக்ஸிட்டின் இடைமாற்றக் காலம் 2020 டிசம்பர் 31ஆம் தேதி முடிவடைந்ததும், பிரிட்டிஷ் வாடிக்கையாளர்கள் அந்தச் சட்டப் பாதுகாப்பை இழந்தனர். இரு தரப்பு வர்த்தக உடன்படிக்கை நியாயமான கட்டணத்தை ஊக்குவிக்கின்றதே அன்றி, கட்டாயமாக்கவில்லை.

கட்டணத்தை மீண்டும் கொண்டுவரும் திட்டம் இல்லை என்றே நிறுவனங்கள் முதலில் கூறின. ஆனால் 2022இல் வோடஃபோன், ஈஈ, த்ரீ ஆகியவை புதிய ஒப்பந்தக்காரர்களிடம் நாட்கட்டணம் அறவிடத் தொடங்கின. பெரிய நிறுவனங்களில் ஓ2 மட்டும் அவ்வாறு செய்யவில்லை.

வெளிநாட்டு வலையமைப்பில் இணைந்ததும் கட்டண விவரத்தை வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற ஆஃப்காமின் விதி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது எச்சரிக்குமே தவிர, கட்டணத்தைக் குறைக்காது.

சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்வோரை அந்தக் கட்டண ஒழிப்பு என்றுமே எட்டியதில்லை. உள்ளூர் சிம் அட்டையே அவர்களில் பலருக்குக் கைகொடுக்கின்றது.

ஐரோப்பாவில் கிடைத்த சலுகை நிறுவனங்களின் பெருந்தன்மையால் வந்ததல்ல, சட்டத்தால் வந்தது. சட்டம் விலகியதும் பலருக்கு அந்தச் சலுகையும் விலகியது.