மூட்டையும் முற்பணமும்

இலக்கியப் பகுதியில் மூட்டைப்பூச்சிக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். வேலை உண்டு. இப்பூச்சியைப் புலவர்கள் என்றும் புறக்கணித்தவரல்லர். திருமகள் தாமரையையும், சிவபிரான் இமயத்தையும், திருமால் பாற்கடலையும் துயிலிடமாகக் கொண்டது மூட்டைக்கு அஞ்சியே போலும் என நகையாடும் வடமொழித் தனிச்செய்யுளொன்று பண்டிதர் வட்டத்திற் பெயர்பெற்றது. கடவுளர்க்குக் கடலும் மலையும் உள. மாதந்தோறும் வாடகை கொடுத்துக் கொழும்பிலே ஓர் அறையில் ஒதுங்கியிருக்கும் மாணவனுக்கு என்ன உண்டு? வெள்ளவத்தைக் கடல் உண்டு. ஆனால் அதன்மேற் படுக்க முடியாது.

ஆகவே இது நகையாடி விடுதற்குரிய பொருளன்று. வாடகைக்கு விட்ட வீட்டிலோ அறையிலோ மூட்டைப்பூச்சி தோன்றினால் அதனை ஒழிக்கும் பொறுப்பு யாருடையது? முதற்பொறுப்பு வீட்டுக்காரருடையது என்பதே என் துணிபு. இங்ஙனம் நான் கூறுவதற்குப் பூச்சியின் பெயரே முதற் சான்று.

கட்டிலின் மூட்டுக்களிலே வாழ்வதால் அது மூட்டுப்பூச்சி எனப்பட்டு, பின்னர் மூட்டைப்பூச்சி ஆயிற்று என்பர். பேன் அப்படிப்பட்டதன்று. அது மனிதன் தலையிலே பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அவன் செல்லுமிடமெல்லாம் உடன் செல்வது. மூட்டையோ மனிதனிடத்தில் உணவு மட்டும் கொள்வது. உண்டபின் அது திரும்பிச் செல்லுமிடம் கட்டிலின் பொருத்து, மெத்தையின் ஓரத் தையல், சுவரின் வெடிப்பு, கதவு நிலையின் இடுக்கு. இவையாவும் வீட்டின் உறுப்புக்கள்; அல்லது வீட்டோடு கொடுக்கப்பட்ட தளபாடத்தின் உறுப்புக்கள். பேனுக்கு ஆளைக் கேட்கலாம். மூட்டைக்கு வீட்டைத்தான் கேட்கவேண்டும்.

பஞ்சதந்திரத்திலே சீலைப்பேனும் மூட்டைப்பூச்சியும் வரும் கதையை நம் மாணாக்கர் அறிவர். அரசன் படுக்கையிலே ஒரு சீலைப்பேன் நெடுநாள் அமைதியாக வாழ்ந்து வந்தது. விருந்தாக வந்த மூட்டை, அரசன் கண்ணயருமுன்னரே பொறாது கடித்தது. அரசன் துள்ளி எழுந்தான். ஏவலர் விளக்கேற்றித் தேடினர். மூட்டை ஓர் இடுக்கினுள் ஒளித்துக்கொண்டது. ஆடையில் அகப்பட்ட சீலைப்பேன் நசுக்குண்டு மாண்டது. குணமறியாதவர்க்கு இடங்கொடாதே என்பது இக்கதைக்கு மரபாகச் சொல்லப்படும் நீதி. நான் வகுப்பிலே இன்னொன்றுஞ் சொல்வதுண்டு. ஏவலர் விரிப்பை மாத்திரம் உதறினர். கட்டிலைக் கழற்றிப் பார்த்தாரில்லை. அகப்பட்டதைத் தண்டித்து அமைந்தனர். வாடகை அறைகளில் இன்று நடைபெறுவதும் இதுவே.

நடைபெறுவது யாதெனில், யாழ்ப்பாணத்திலிருந்தும், மட்டக்களப்பிலிருந்தும், மலையகத்திலிருந்தும் படிப்புக்கும் வேலைக்குமாகத் தலைநகர் செல்லும் இளைஞர் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களில் அறை எடுக்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வரும் பிறமாவட்ட மாணவர் திருநெல்வேலி, கொக்குவில் அயலில் அறை தேடுகின்றனர். மாத வாடகையோடு சில மாதப் பணம் முற்பணமாகவும் பெறப்படுகிறது. கட்டிலும் தும்பு மெத்தையும் வீட்டுக்காரர் கொடுப்பவை. முதற் கிழமையிலேயே உடம்பிலே தடிப்புக் காண்கிறது. சொன்னால், “உங்களுக்கு முன்னம் இருந்தவை ஒருத்தரும் சொல்லேல்லையே, தம்பி, நீங்கள் கொண்டுவந்த பெட்டியிலதான் வந்திருக்கும்” என்ற மறுமொழி கிடைக்கிறது. மேலும் பேசினால், பிடிக்காவிடின் அறையை விடலாம் என்பார்கள். விடும்போது மருந்தடித்த செலவென்று முற்பணத்தில் ஒரு பங்கு குறைகிறது. என்னிடம் படித்துச் சென்றவர் பலர் இதனை வேறு வேறு ஊர்களிலிருந்து ஒரே விதமாகச் சொல்லியிருக்கின்றனர்.

இதிலே பணத்தினும் கொடியது நாணம். மூட்டை கடித்தது என்று சொல்லும் பிள்ளை தன்னை அழுக்கன் என்று பிறர் எண்ணுவரோ என அஞ்சுகிறான். வகுப்பிலே தூங்கி விழுகிறான். காரணம் கேட்டால், இரவிரவாகப் படித்தேன் என்கிறான். இந்த நாணமே வீட்டுக்காரருக்கு அரண். ஆகையால் முதலில் அதனைத் தகர்க்கவேண்டும்.

மூட்டை அழுக்கைத் தேடி வருவதன்று. நாம் விடும் மூச்சும் நம் உடற்சூடும் அதனை அழைக்கின்றன. அரண்மனையாயினும் குடிசையாயினும் அதற்கு ஒன்றே. தட்டுமுட்டுச் சாமான் மலிந்த அறையில் ஒளிப்பிடம் மிகும் என்பது மெய்; ஆனால் தூய்மையான அறை அதற்குத் தடையன்று. வளர்ந்த பூச்சி ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீளமுடையது. ஒரு பெண்பூச்சி தன் வாழ்நாளில் 200க்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. இரத்தம் இன்றியே மாதக்கணக்கில் உயிர் தரிக்கவும் வல்லது. எனவே சில காலம் பூட்டிக்கிடந்த அறையிலும் அது காத்திருக்கும். புதிதாகக் குடிவந்தவன் முதலிரவிலே கடியுண்ணும்போது, பூச்சி அவனோடு வந்ததா, அவனுக்காக அங்கே இருந்ததா என்பதை அவன் எவ்வாறு நிறுவுவான்? அறையின் முன்வரலாற்றை அறிந்தவர் வீட்டுக்காரர் ஒருவரே.

ஒழிக்கும் ஆற்றலும் அவரிடத்தேதான் உளது. நம் கிராமங்களில் முன்னோர் கட்டிலை முற்றத்திற் போட்டுக் கழற்றி, மூட்டுக்களிற் கொதிநீர் ஊற்றி, பாயையும் மெத்தையையும் நாள்முழுதும் வெயிலிற் காயவிட்டனர். அது நன்முறையே, ஏறக்குறைய 50 பாகை வெப்பம் இப்பூச்சிக்குப் பகை. ஆனால் அவர்களுக்கு முற்றம் இருந்தது, கட்டிலும் அவர்களுடையது. மூன்றாம் மாடியில் ஓர் அறைக்குரியவனுக்கு முற்றமும் இல்லை, கட்டிலைக் கழற்றும் உரிமையும் இல்லை. அவன் தன் அறையை எத்துணை முயன்று துப்புரவு செய்தாலும், பூச்சி சுவரிடுக்கு வழியாக அடுத்த அறைக்குச் சென்று, ஆரவாரம் அடங்கியபின் மீளும். அடுத்த அறையைத் திறக்கும் சாவி வீட்டுக்காரரிடமே இருக்கிறது.

கடையில் ஒரு குப்பி மருந்து வாங்கி அடித்துவிடலாமே என்பார் உளர். 1940களின் இறுதியிலேயே டி.டி.ரி.க்கு அஞ்சாத மூட்டைகள் தோன்றிவிட்டன. நம் நாட்டு மூட்டைகளும் பலவகைப் பூச்சிகொல்லிகளை எதிர்த்து நிற்பன என்பதைப் பேராதனை ஆய்வாளர் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பூச்சி அஞ்சாத மருந்துக்கு மனிதன் அஞ்சவேண்டும். 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் கொழும்பு விடுதியொன்றிலே தங்கிய வெளிநாட்டு இளம்பெண்கள் இருவர் நோயுற்று உயிர்நீத்தனர். அவ்விடுதியில் அந்நாட்களில் மூட்டைக்காக நச்சுப்புகை இடப்பட்டிருந்தது எனச் செய்திகள் வெளிவந்தன. மூட்டை கடித்து நோய் பரவுவதாக அறியப்படவில்லை. அதனை ஒழிக்க இடும் நஞ்சோ உயிரையே வாங்கக்கூடியது. பயிற்சி பெற்றோர் செய்யவேண்டிய இவ்வேலையை வாடகைக்காரனின் குப்பிக்கும் வீட்டுக்காரரின் சிக்கனத்துக்கும் விட்டுவிடுதல் அறமாகாது.

இனிச் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். இங்கிலாந்திலே 1843 ஆம் ஆண்டில் ‘ஸ்மித் எதிர் மாரபிள்’ என்ற வழக்கு விசாரிக்கப்பட்டது. பிரைற்றன் நகரிலே தளபாடங்களோடு கூடிய வீடொன்றை வாரம் 8 கினி வாடகைக்கு எடுத்தார் மாரபிள் என்பவர். வீடு முழுதும் மூட்டை. ஒரு வாரமளவில் வீட்டைத் துறந்தார். எஞ்சிய வாடகைக்கு உரிமையாளர் வழக்குத் தொடுத்துத் தோற்றார். தளபாடத்தோடு வீடு கொடுப்பவர், அது மனிதர் குடியிருக்கத் தக்கது என்ற உறுதியையும், சொல்லாதிருந்தாலும், உடன் கொடுக்கிறார் என்பது தீர்ப்பின் சாரம். இதற்கு மேற்கோள் வழக்குகள் வேண்டா, பொதுவறிவே போதும் என்ற கருத்தை நீதிபதிகளுள் ஒருவரான அபிஞ்சர் பிரபு தெரிவித்தார். ஆனால் அதே ஆண்டில் ‘ஹார்ட் எதிர் வின்சர்’ என்ற வழக்கிலே, தளபாடமற்ற வெறும் வீட்டுக்கு அவ்வுறுதி இல்லையெனத் தீர்ப்பாயிற்று. அங்கும் வழக்குக்கு வித்திட்டது மூட்டையே. கட்டிலோடு வந்த மூட்டைக்கு நீதி உண்டு. சுவரோடு வந்த மூட்டைக்கு நீதி இல்லை. எல்லா வாடகை வீடுகளும் குடியிருக்கத் தக்கனவாக இருத்தல் வேண்டும் என்ற பொதுவிதியை ஆங்கிலேயர் 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே நிறுவினர். பிரான்சும் அதே ஆண்டில், வாடகைக்கு விடும் வீடு தீங்குயிர்களும் ஒட்டுண்ணிகளும் அற்றதாயிருத்தல் வேண்டுமென விதித்தது. நியூயோர்க் நகரிலோ, முந்திய ஓராண்டில் வீட்டிலும் கட்டடத்திலும் மூட்டை இருந்ததா என்பதைப் புதிதாக வருவோர்க்கு எழுத்திலே தெரிவிக்கவேண்டுமென்ற விதி 2010 ஆம் ஆண்டிலேயே பிறந்தது.

நம் நாட்டில் வாடகை ஒப்பந்தத்துக்கு அடிப்படையாய் நிற்பது உரோமன் டச்சுச் சட்டம். வீட்டை எந்நோக்கத்துக்கு வாடகைக்குக் கொடுக்கிறாரோ அந்நோக்கத்துக்கு ஏற்ற நிலையில் ஒப்படைத்தலும், அந்நிலை கெடாது பேணுதலும் கொடுப்பவரின் கடன் என்பது அதன் கொள்கை. படுத்துறங்குதற்கென்று கொடுத்த அறையிலே உறங்க முடியாதெனின் அக்கடன் தீர்ந்ததாகாது. கொள்கை நன்று. ஆனால் அறைகள் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலே கைமாறுவன. ஒரு மாத முற்பணத்துக்காக நீதிமன்றப் படியேற மாணவனால் இயலுமா? வாடகைக்கு விட்ட வீட்டை உரிமையாளர் விரைந்து மீட்டுக்கொள்ளுதற்கு 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் தனி நடைமுறை வகுத்துக் கொடுத்திருக்கிறது. அதில் நியாயம் இருக்கலாம். உறக்கத்தை விரைந்து மீட்டுக்கொள்ளுதற்கும் ஒரு வழி வேண்டுமல்லவா?

வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கணவனை இழந்து, ஓர் அறை வாடகையாலே சீவிக்கும் தாய்மார் பலர். நம் ஆசிரியருள்ளும் வீட்டின் ஒரு பகுதியை மாணவருக்கு விட்டவர் உளர். எங்கோ பழைய மெத்தை வாங்கி வருபவனும், பூச்சியைக் கண்டும் மாதக்கணக்கிற் சொல்லாதிருப்பவனும் அவர்களுக்கு உண்மையாகவே தீங்கு செய்கின்றனர். அவ்வாறு கொண்டுவந்தமை தெளிவாயின் செலவை அவன் ஏற்கட்டும். ஐயத்தின்பேரில் மாத்திரம் அவன் முற்பணத்திற் கைவைத்தல் தகாது. உண்மையில், பழி தன்மேல் வராது என்று தெரிந்தால் வாடகைக்காரன் முதற் பூச்சியைக் கண்ட அன்றே வந்து சொல்வான். அன்று ஒரு கட்டிலோடு முடியும் வேலை, அவன் அஞ்சி மறைத்தால் ஆறு மாதத்தில் வீடு முழுவதற்குமாகிவிடும். பொறுப்பை ஏற்றுக்கொள்ளுதல் வீட்டுக்காரருக்கே சிக்கனம்.

ஆதலால், சட்டம் வரும்வரை காத்திராமல், அறை கொடுப்போரும் எடுப்போரும் ஒரு தாளிலே சில வரிகள் எழுதிக் கையொப்பமிட வேண்டுமென்பேன். குடிபுகுமுன் கட்டிலையும் மெத்தையையும் இருவரும் சேர்ந்து புரட்டிப் பார்த்தல். கடந்த ஓராண்டில் மூட்டை இருந்ததா என்பதை வீட்டுக்காரர் எழுதிக்கொடுத்தல். பூச்சியையோ, அதன் கரும்புள்ளிகளையோ, கழற்றிய தோலையோ கண்டால் வாடகைக்காரர் உடனே திகதியிட்டு அறிவித்தல், கைத்தொலைபேசியிற் படமும் எடுத்து வைத்தல். அறிவித்த இரு கிழமைக்குள் வீட்டுக்காரர் பயிற்சி பெற்றோரை அழைத்து, அடுத்த அறைகளையும் காட்டி, முட்டைகள் பொரிக்குங் காலத்தை எண்ணி மறுமுறையும் செய்வித்தல். இடும் மருந்தின் பெயரையும், எப்போது மீண்டும் அறைக்குள் நுழையலாம் என்பதையும் எல்லோர்க்கும் முன்கூட்டியே சொல்லுதல். இவை நடவாவிடின் முற்பணம் குறையாது அறையை விடும் உரிமை வாடகைக்காரருக்கு உண்டு எனல். அத்தாளில் எழுத வேண்டியவை இவ்வளவே.

பிணக்கு முற்றினால் வாடகையைத் தானே நிறுத்திவிடுதல் அறிவுடைமையாகாது. அதுவே வெளியேற்றத்துக்குக் காரணமாகலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். முற்பணத்தைப் பற்றிய வழக்கை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுசெல்லலாம். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் ஆலோசனையை நாடலாம். பிள்ளைகளைத் தலைநகருக்கு அனுப்பும்போது இவற்றையும் நாம் சொல்லி அனுப்பவேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பிலே தூங்கும் பிள்ளையைக் கண்டிக்குமுன் அவன் எங்கே படுக்கிறான் என்று கேளுங்கள். அறை வாடகைக்கு விட்டிருக்கும் ஆசிரியராயின், இன்று மாலை அவ்வறைக்குப் போய், விரிப்பை உதறுவதோடு நில்லாமல், கட்டிலைக் கழற்றிப் பாருங்கள்.