மீஞ்சூர்த் தொழிலாளரின் தேகாரோக்கியம்

அளவறிந்து உண்ணுங்கள், நாள்தோறும் நடவுங்கள் என்று உபதேசிப்போர் நம் நாட்டில் என்றும் குறைந்ததில்லை. உபதேசமும் பிழையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2023-ஆம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கின்படி இத்தேசத்தில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். ஆகாரத்திலிருந்து பெறும் சக்தியில் தானியத்தின் பங்கு நூற்றுக்கு 45-ஐ மிஞ்சலாகாது என்றும், பருப்பும் காய்கறியும் கீரையும் பெருக வேண்டுமென்றும் அக்கழகம் 2024-இல் வகுத்த உணவு நெறி கூறுகிறது. வாரத்திற்கு 150 நிமிஷமாவது தேகப்பயிற்சி அவசியமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அபிப்பிராயம்.

இவையனைத்தையும் நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் மீஞ்சூரில் வசிக்கும் தொழிலாளி எங்கே நடப்பான்? எதை உண்பான்?

அத்திப்பட்டில் அனல் மின் நிலையம். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள். சாலையிலே கண்டெய்னர் லாரிகள். 2023 நவம்பரில் நமது சர்க்கார் ஜில்லாதோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுக்கும் திட்டத்தைத் தொடங்கினர். நற்காரியமே. எனினும் பெசன்ட் நகரில் நடப்பவர் கடற்காற்றை உட்கொள்ளுகிறார். அத்திப்பட்டுச் சாலையில் நடப்பவர் புழுதியை உட்கொள்ளுகிறார். அதே வருஷம் டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, ஏழையின் மலிவான புஷ்டி உணவாகிய மீனுக்கும் கேடு வந்தது. இத்தகைய இடத்தில் ஆரோக்கியத்தைத் தனி மனிதனின் ஒழுக்கமாக மட்டும் பேசுவது நியாயமாகாது.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவுச்சாலை அமைக்க 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வழி செய்தது. அதன் நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடமளித்தது. 2020-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்போ ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து எண்ணி, 100 பேர் என்று வரம்பைக் குறைத்தது. ஆனால் சட்டம் கட்டடத்தைத் தரலாம். தட்டில் மலையளவு சோறும் மேலே நீர்த்த சாம்பாரும் விழுமாயின் பயன் என்ன? பருப்பும் கீரையும் முட்டையும் வேண்டுமென்று சங்கங்கள் கேட்க வேண்டும். கூலி உயர்வு கேட்கும் மனுவில் இதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

தொழிலாளருக்குப் பயிற்சியில் ஊக்கமில்லை என்பாருமுளர். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் முதலிய குத்துச்சண்டைப் பரம்பரைகளை வளர்த்தது எந்தப் பூமி? வடசென்னை உழைப்பாளிகளின் பூமியன்றோ? ஊக்கம் உண்டு, மைதானம்தான் இல்லை. லாரிகள் நுழையாத ஒரு பாதையும், விளக்கேற்றிய ஒரு மைதானமும் மீஞ்சூருக்கு வேண்டும். இதைச் சர்க்காரும், இப்பகுதியில் லாபம் ஈட்டும் ஆலைகளும் கூடிச் செய்யக் கடமைப்பட்டிருக்கின்றனர்.

முடிவாக, பொதுக்காரியத்தில் ஈடுபட்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டீயையும் வடையையும் கொண்டே பகல் முழுதும் கழித்து, நள்ளிரவில் சோற்றைக் குவித்துண்டு படுப்பது நம்மவரின் வழக்கமாய்விட்டது. எம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம். பிறருக்கு மைதானம் கேட்கப் போகும்போதேனும் நடந்தே போவோமாக.